கையால் தூக்காதே

எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால், இங்கேயும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். ஒரு பக்கம் ஜல்லிக் குவியல், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் எருமை. நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். வேகமும் முப்பதைத் தாண்டவில்லை. எருமைக்குத் தெரியட்டும் என்று இன்டிகேட்டர்கூடப் போட்டேன். அப்படியும் சிறுபாலத்துக்காக வெட்டியிருந்த பள்ளத்தில் மல்லாக்க விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் பாதி ஆள்தான் எழுந்திருக்கத் தயாராக இருந்தான்.

இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் இன்னமும் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரு தகவலும் வராது. இங்கிருந்து போகிற உத்தரவை அங்கே யாரும் மதிப்பதும் கிடையாது. பல வருஷம் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு இது ஒன்றும் புது அனுபவம் இல்லை.

ஆமாம், நான் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்தேன். இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்து வடிவம் கொடுக்கிற இடம். அழுத்துகிற அச்சுக்கு டை என்று பெயர். ஒரு டை ஒன்றரை டன், இரண்டு டன் இருக்கும். ஒரு பார்ட் முடிந்து அடுத்த பார்ட் ஓட்ட வேண்டுமென்றால் பழைய டையை இறக்கிப் புது டையை ஏற்ற வேண்டும். விரல் போவதும் முதுகு போவதும் அந்த நேரத்தில்தான். அதனால் எங்கள் ஷாப்பில் நான் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தேன். ஒன்று, எதையும் கையால் தூக்காதே. டிராலியை மெஷின் மேடைக்குச் சமமாக லெவல் பண்ணு, அப்புறம் தள்ளு. இதைச் சிவப்பு எழுத்தில் சுவரில் எழுதிவைத்து, ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லோரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்க வைப்பேன். இரண்டாவது சட்டம், உன் இடத்தில் நிற்க வேண்டிய அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து சேரும்வரை மெஷினை விட்டு நகராதே. மாமியார் செத்தாலும் சரி.

இந்த இரண்டாவது சட்டத்தை வைத்து ஓர் ஆபரேட்டரை அவருடைய நிச்சயதார்த்தத்தன்றே மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்க வைத்த பெருமை எனக்கு உண்டு. அவர் ஒரகடத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெண் வீட்டில் தட்டு வரிசையோடு உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை கிரீஸ் கையோடு என் முன்னால் நின்று, "சார், ரிலீவர் வரலன்னா நான் இன்னா சார் பண்ணுவேன்?" என்றார். "ரூல்னா ரூல்தான்பா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு என்னவோ நாட்டையே காப்பாற்றியது போல இருந்தது.

இப்போது என் வீட்டு நிலவரம். ஆஸ்பத்திரிகளில் எட்டு மாதம் சுற்றிவிட்டுப் படப்பையில் கட்டிய புது வீட்டுக்குத் திரும்பினேன். சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மாடுகள் மட்டும். மகள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் என் மனைவியும்.

மூன்று வருஷம் போயிற்று. நான் நன்றாகவே இருந்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஜனங்கள் சாவு வீட்டுக் குரலுக்கு மாறிவிடுகிறார்கள். நான் காலையில் பேப்பர் படித்தேன். பத்து மணிக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். படப்பையில் புதிதாக மனை வாங்கிய அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு மனு தேவைப்பட்டது. பட்டா மாற்றம், மின்கம்பம், தெருவிளக்கு. எல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தில் போன மனுவுக்குக் கம்பம் வந்தது என்று ஒரு பேச்சுக்கூட உலவியது. "சாருக்கு எவ்ளோ மன உறுதி பாரு" என்று டீ மாஸ்டர் எல்லோரிடமும் சொல்வார். நானும் மறுக்கவில்லை.

அந்த மன உறுதிக்கு வயது நாற்பது, எடை நாற்பத்தெட்டு கிலோ. காலை ஐந்து மணிக்கு எழுந்து மூத்திரப் பையை மாற்றும். வயிறு கழிய வைத்துச் சுத்தம் செய்யும், குளிப்பாட்டும். ராத்திரியிலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து என்னைப் புரட்டிப் படுக்கவைக்கும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று. இதற்கு நடுவே என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்கும். நான் எண்பது கிலோ. என் இரண்டு கையும் அவள் கழுத்தில், அவள் இரண்டு கையும் என் அக்குளில், "ஒண்ணு, ரெண்டு, மூணு." பார்ப்பவர்கள் எங்களைக் காதல் ஜோடி என்று நினைத்திருப்பார்கள்.

அவளுக்கு இடுப்பு வலி வந்தது. முதலில் தைலம் போட்டாள், அப்புறம் பெல்ட். கடைசியில் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், இவங்க மூணு வாரம் படுத்து ரெஸ்ட் எடுக்கணும். அதுக்கப்புறமும் வெயிட் தூக்கக் கூடாது. இன்னும் ஒரு மாசம் இப்படியே தூக்கினாங்கன்னா உங்க வீட்ல ரெண்டு கட்டில் வேணும்."

திரும்பி வரும்போது நான்தான் முதலில் பேசினேன். "நீ வாலாஜாபாத்ல உங்க அக்கா வூட்டுக்குப் போய் மூணு வாரம் இரு. என்னைப் பத்திக் கவலைப்படாதே." ரொம்பக் கம்பீரமாகச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும் கலங்கியது, ஆனால் காரணம் வேறு. உள்ளே ஒரு சைரன் ஊதத் தொடங்கியிருந்தது. இவள் இல்லாமல் மூன்று வாரமா? மூன்று மணி நேரமே தாங்குவேனா? நாற்காலி கவிழ்ந்தால்? பை அடைத்துக்கொண்டால்? தீப்பிடித்தால்? பாம்பு வந்தால்? பாம்பு வந்தால் அவள் என்ன செய்வாள் என்பதை நான் யோசிக்கவில்லை. பயத்துக்கு அவ்வளவு விவரம் தேவைப்படுவதில்லை.

வாய் போ என்றது, மற்றதெல்லாம் போகாதே என்றது. அதனால், நல்ல சூப்பர்வைசர் செய்வதைச் செய்தேன். ஆள் எடுக்கிற வேலையை என் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

முதலில் தாம்பரத்திலிருந்து, நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிற ஓர் அட்டெண்டர் வந்தார். நல்ல அனுபவஸ்தர். படுக்கைப்புண் வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எனக்கே தெரியாத நாலு விஷயம் சேர்த்துச் சொன்னார். அவரை அனுப்பிவிட்டு மனைவியிடம், "ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசறாரும்மா, ஆபத்து" என்றேன்.

அடுத்தது அவளுடைய தம்பி. படப்பைக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "மாமா, நான் வந்து இருக்கேன்" என்று அவனாகவே சொன்னான்.

"வேணாம்டா. நீ ஷேர் ஆட்டோக்காரன். பத்து பேர் சேராம வண்டிய எடுக்க மாட்ட. நான் ஒரே ஆளு" என்றேன்.

"அக்கா, பாத்தியா உன் வூட்டுக்காரர? இவருக்குப் போய் பாவம் பாக்கறியே" என்று அவன் எழுந்து போனான். மனைவி சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக வந்தவர்தான் அந்த நிச்சயதார்த்த மாப்பிள்ளை. இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. பழைய கம்பெனியை விட்டுவிட்டார். பி.எஃப். படிவம் ஒன்றை நிரப்ப வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு, "சார், புதுக் கம்பெனியில சேர்றதுக்கு எனக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது. சும்மாதான் சார் சுத்திக்கினு கீறேன். பகல்ல நான் வந்து பாத்துக்கறேன். எப்ப வேணாலும் ஒரு போன் போடுங்க" என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று வாரம், ஆள் நடமாட்டம் இல்லாத வீடு, காலை அசைக்க முடியாத நான், நான் நிச்சயதார்த்தத்தைக் கெடுத்த ஆள். சோப்பு போடுகிறேன் என்று ஆரம்பித்து எங்கே கொண்டு போய் முடிப்பானோ? என் கற்பனையில் அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகப் பழி வாங்கினார். ஒரு நாள் வெந்நீர். ஒரு நாள் நாற்காலியை வாசல் சரிவில் விட்டுவிட்டுக் கையை எடுப்பது.

இரண்டு நாள் கழித்து மனைவி கேட்டாள்: "அந்த அண்ணனுக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்" என்றேன். பண்ணவில்லை. "புதுக் கம்பெனியில சீக்கிரமே கூப்ட்டாங்களாம். சேந்துட்டாரு."

"அய்யோ, அப்படியா. சரி, வேற யாராவது கிடைப்பாங்க. அதுவரிக்கும் நான் பாத்துக்கறேன்" என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

பத்து நாள் போயிற்று. ஒரு காலை ஏழு மணி இருக்கும். பால் வாங்கி வைத்துவிட்டு என்னை நாற்காலிக்கு மாற்ற வந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை, தகரத்தில் ஆணி கீறிய மாதிரி. என்னைக் கீழே போடவில்லை. அந்த நிலையிலும் கட்டில் பக்கமாகத் தள்ளிவிட்டு, அவள் தரையில் முட்டி போட்டாள். அப்படியே மாட்டிக்கொண்டாள். முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நான் பாதி கட்டிலிலும் பாதி காற்றிலுமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அவள் நெற்றி என் முழங்காலில் இருந்தது. எனக்கு அது தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"அசையாதீங்க."

"நான் எப்ப அசைஞ்சிருக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலி சுரீரென்று பிடித்துக்கொண்டது. "சிரிக்க வைக்காதீங்க. உசுரு போவுது."

அடுத்த ஐந்து நிமிஷம் நான் கத்தினேன். "யாராவது வாங்க" என்று ஆரம்பித்து, காப்பாத்துங்க வழியாக, நெருப்பு நெருப்பு வரை போனேன். நெருப்பு என்றால்தான் ஆள் வரும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். காலி மனையில் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்கும் மாட்டு இனத்துக்கும் ஏதோ பழைய கணக்கு இருக்கிறது.

"கத்தாதீங்க. ஜன்னல்மேல போன் கீதில்ல, எடுங்க" என்றாள் என் முழங்காலைப் பார்த்து.

எடுத்தேன். அவள் தம்பிக்குப் போட்டேன். செல்போனைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு திரிகிறவன்தான், ஆனால் வண்டியில் இருக்கும்போது அவனுக்குக் காது கேட்காது. மணி அடித்து ஓய்ந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். கம்பியைப் பிடித்த கை வழுக்க ஆரம்பித்தது.

"வேற யாரு கீறாங்க?" என்றாள்.

எனக்கு இன்னொரு நம்பர் மனப்பாடம். பத்து நாளாக அந்தக் காகிதத்தைக் கிழிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் எடுத்து எடுத்துப் பார்த்ததில் மனப்பாடம் ஆகியிருந்தது.

"அந்த ஆபரேட்டருக்குப் போடறேன். பைக்ல இருபது நிமிஷத்துல வந்துடுவாரு."

"அவருதான் வேலையில சேந்துட்டாரே."

வாய்க்குள் மூன்று நாலு பொய் தயாராக வந்து வரிசையில் நின்றன. திரும்பி வந்துட்டாராம். இன்னிக்கு வார லீவாம். எல்லாமே நல்ல பொய்கள், இன்னொரு நாளாக இருந்தால் எடுபட்டிருக்கும்.

"சேரல" என்றேன். "நான் போனே பண்ணல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. உச்சந்தலை மட்டும் தெரிந்தது. வகிட்டில் நரை வந்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தத் தலைக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தவன் நான்.

"ஏன்?" என்றாள்.

"பயந்துட்டேன்."

"போன் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன், உடனே கிளம்புவதாகச் சொன்னார். நான் இரண்டு தடவை ஜோக் சொல்லிப் பார்த்தேன். முதல் ஜோக் சுமார்தான், இரண்டாவது நன்றாகவே இருந்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த இருபது நிமிஷத்துக்கு நிகராக நீளமான ஷிப்டை நான் கம்பெனியில் பார்த்ததில்லை.

அவர் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. என் அக்குளில் கை கொடுத்து முழுசாகக் கட்டிலில் ஏற்றினார். அவளுக்கு ஒரு பாயை விரித்து, பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார். அவளுடைய தம்பிக்கும் டாக்டருக்கும் போன் போட்டார். அதற்கப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கட்டிலையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜாண் போட்டு அளந்தார்.

"சார், கட்டில் நாற்காலிய விட நாலு இஞ்ச் ஹைட்டு. கையாலயா சார் தூக்கிக்கினு இருந்தீங்க இத்தினி நாளா?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"டை மாத்தும்போது இன்னா சார் சொல்லச் சொல்லுவீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார்."

"கையால் தூக்காதே" என்றேன். "லெவல் பண்ணு. தள்ளு."

தரையில் படுத்திருந்த மனைவி கேட்டாள்: "இத இவரு அங்க சொல்லிக் குடுத்தாரா அண்ணா?"

"டெய்லியும்மா. சொல்லலன்னா லைன்லயே ஏத்த மாட்டாரு. செவுத்துலகூட எழுதி வச்சிருந்தாரு, சோப்பு தண்டிக்கு எழுத்து."

"இங்க ஒரு நாள்கூடச் சொல்லலியே" என்றாள்.

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மெமோக்களில் அதுதான் மிகச் சின்னது.

அன்று மத்தியானமே அவர் ரம்பத்தோடு வந்துவிட்டார். அது என் மாமனார் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். "மாமா, எங்க அப்பா உயிரோட இருந்திருந்தா உங்க கால வெட்டியிருப்பாரு" என்றான் மைத்துனன், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு. "வெட்டட்டுமே, எனக்குத் தெரியவா போவுது" என்றேன். நாலு கால்களிலும் நாலு அங்குலம் போயிற்று. கதவு செய்ததில் மிச்சமிருந்த ஒரு பலகையை எடுத்து, முனைகளை மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகுவர்த்தியால் பாலிஷ் ஏற்றினார். பலகையின் ஒரு முனை கட்டிலில் என் தொடைக்கு அடியில், மறு முனை நாற்காலியில். நடுவில் பாலம்.

நான் பேச ஆரம்பித்தேன். பலகை நழுவினால்? உடைந்தால்? நாற்காலி ஓடிவிட்டால்?

"சார், பிரேக் போட்டாச்சு. நாங்க தள்ளுனது ரெண்டு டன்னு. நீங்க எம்பது கிலோ."

"டைக்கு வாய் கிடையாதுப்பா."

"அதனாலதான் சார் நிம்மதியா இருந்துச்சு."

தள்ளினார். ஒரு மூச்சு விடுவதற்குள் நாற்காலியில் இருந்தேன். யாரும் யாரையும் தூக்கவில்லை. மூன்று வருஷம், ஒரு நாளைக்கு ஆறு தடவை. கணக்குப் போட வேண்டாம் என்று மூளைக்கு உத்தரவு போட்டேன். கால்களைப் போல அதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் அனுமதியோடு மனைவி வாலாஜாபாத் கிளம்பினாள். தம்பியின் ஆட்டோவில் பின் சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் ஆபரேட்டருக்கு விவரம் சொன்னாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மருந்து, பை, தோலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். "கோவம் வந்தா ஜோக் அடிப்பாரு. பயந்தா இன்னும் ஜாஸ்தி அடிப்பாரு. ஒண்ணுமே பேசாம இருந்தாருன்னா ஜுரம் அடிக்குதான்னு தொட்டுப் பாருங்க அண்ணா. காப்பி சூடா வேணும்னு கத்துவாரு, ஆனா ஆறினாத்தான் குடிப்பாரு."

நான் எத்தனையோ பேருக்கு நன்னடத்தைச் சான்று எழுதியிருக்கிறேன். எனக்கு யாரும் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

என்னிடம் வந்து, "வரேன்" என்றாள். பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த மூன்று வாரமும் நான் பழிவாங்கலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பகலில் அவர், சாயங்காலத்திலிருந்து மைத்துனன். தினமும் சாயங்காலம் ஆபரேட்டர் கண்ணாடியை வைத்து என் பின்பக்கத்தை ஆராய்ந்து, "ரெஜெக்‌ஷன் இல்ல, ஓகே" என்று நோட்டில் எழுதுவார். குளிப்பாட்டும்போது முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்மேல் ஊற்றினார்.

இரண்டாவது வாரம் நானே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு உன் நிச்சயதார்த்தத்துல நிறுத்தி வச்சேனே. கோவம் இல்லையா?"

"கோவந்தான் சார். பொண்ணு வூட்டுல கேசரியெல்லாம் ஆறி கல்லு மாதிரி ஆயிடுச்சு. எங்க மாமனாரு இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாரு." முதுகு தேய்த்துக்கொண்டே சொன்னார். "ரிலீவர் வரல, மெஷின உட முடியாது, அது கரெக்டு சார். ஆனா நீங்க சும்மாதான் நின்னுக்கினு இருந்தீங்க. ஒரு மூணு மணி நேரம் நீங்களே மெஷின்ல நின்னுருக்கலாம்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சோப்பு போயிற்று.

அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு கை இருக்கிறது. மனு எழுதுவதற்கு மட்டும் கொடுக்கப்பட்டவை அல்ல. மறுநாள் ஜன்னல் கம்பியில் ஒரு நைலான் கயிறு கட்டச் சொன்னேன். கயிற்றைப் பிடித்து இழுத்து நானே புரண்டு படுக்கப் பழகினேன். அலாரம் வைத்துக்கொண்டேன். முதல் நாள் கயிற்றோடு சேர்த்துத் திரைச்சீலையையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "கண்ணு போச்சு" என்று கத்தினேன். நாலாவது நாள் மைத்துனன் எழுந்திருக்கவே இல்லை. காலையில், "மாமா, என்ன ஏன் எழுப்பல?" என்று குற்றம் செய்தவன் மாதிரி கேட்டான். பலகையில் நானே கையை ஊன்றி நகரவும் ஆரம்பித்தேன். ஆபரேட்டர் பக்கத்தில் நிற்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சூப்பர்வைசர்கள் நிற்பது போலவே. அது ஒன்றுதான் அவர் வாங்கிய பழி என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, அவளிடமிருந்து போன்.

"டாக்டர் பாத்தாரு. குனியலாமாம், நடக்கலாமாம். தூக்கத்தான் கூடாதாம்."

"வாயேன்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அக்காதான் இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன்னுது. எனக்கும் இருக்கலாம்னுதான் தோணுது. ஆனா அந்த அண்ணன் நாளையிலேருந்து வேலைக்குப் போறாரே."

உண்மைதான். இந்த முறை புதுக் கம்பெனியில் நிஜமாகவே முன்கூட்டிக் கூப்பிட்டுவிட்டார்கள். மைத்துனன் காலை ஆறு மணிக்கு முதல் டிரிப்புக்குக் கிளம்பினால், மத்தியானம் சாப்பாட்டோடுதான் வருவான். நடுவில் யாரும் இல்லை. சைரன் ஊதியது. பாம்பு, தீ, பை எல்லாம் பழையபடி வந்து நின்றன.

"இரு" என்றேன்.

"யாரு பாத்துப்பா?"

"நான்தான்."

"பயமா இல்லையா?"

"ரொம்பப் பயமா கீது. நீ இரு."

திங்கட்கிழமை காலை மைத்துனன் பையை மாற்றிவிட்டு, பலகையையும் போனையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனான். எட்டரை மணி வரை கட்டிலில் உட்கார்ந்து தைரியம் சேர்த்தேன். பிரேக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். பலகையைத் தொடைக்கு அடியில் செருகினேன். கையை ஊன்றி ஓர் அங்குலம். ஓய்வு. இன்னும் ஓர் அங்குலம். நடுவில் கால் ஒன்று பின்தங்கிவிட்டது; அதைக் கையால் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். கடைசியில் நாற்காலிக்குள் சரிந்தபோது பனியன் நனைந்து பிழிகிற மாதிரி இருந்தது. கைதட்ட ஆள் இல்லை. நானும் தட்டிக்கொள்ளவில்லை, கை வலித்தது.

போன் அடித்தது.

"நாற்காலியில ஒக்காந்துட்டீங்களா?"

"ஒக்காந்துட்டேன்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பதினேழு" என்றேன்.

"வாலு" என்றாள். அப்புறம் ஒரு கொட்டாவி விட்டாள், நீளமாக, வாயைக்கூட மூடாமல். மூன்று வருஷத்தில் அவள் கொட்டாவி விட்டு நான் கேட்டதில்லை. "சரி, வெச்சுடறேன். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கப் போறேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். காலை மணி ஒன்பது.